ஆற்றுத் தூண்டிலுக்குத் தங்கூசியா, பின்னல் நரம்பா?

கேள்வி: ஐயா, பத்து ஆண்டுகளாகச் சித்தூர்ப் புழையில் தூண்டில் போடுகிறேன். இதுவரை 0.35 மில்லிமீட்டர் தங்கூசியை, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பைத்தான் ரீலில் சுற்றி வந்தேன். கடைக்காரர் ஒருவர் "இது இரும்பு மாதிரி" என்று சொல்லிக் கொடுத்த இருபது பவுண்டு பின்னல் நரம்பை வாங்கி மாற்றினேன். மூன்று வாரத்துக்குள் இரண்டு முறை அறுந்துவிட்டது. இரண்டு முறையும் முடிச்சு அப்படியே இருந்தது. முள்ளிலிருந்து மூன்றடி தள்ளி, பாறைக்கு அருகில்தான் அறுந்தது. தங்கூசியில் இப்படி நடந்ததில்லை. பழையதற்கே திரும்பிவிடலாமா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: எங்கே அறுந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகக் கவனித்து எழுதியதற்கு முதலில் நன்றி. "நரம்பு சரியில்லை" என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நான் விழித்ததுண்டு. முடிச்சில் அறுந்திருந்தால் கட்டிய விதத்தில் பிழை இருக்கும்; நடுவில் எங்கோ அறுந்திருந்தால் ராடின் வளையத்தில் கீறல் இருக்கக்கூடும். முள்ளுக்கு மூன்றடி மேலே பாறையோரம் அறுந்தது என்றால், அது உரசலால் நேர்ந்தது. அட்டையில் அச்சிட்டிருக்கும் இருபது பவுண்டு என்பது நரம்பை நேராகப் பிடித்து இழுத்தால் அது தாங்கும் விசையை மட்டுமே குறிக்கிறது. கல்லின் மீது உரசினால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு அட்டையில் எந்தக் கணக்கும் இல்லை.

இரண்டும் செய்யப்படும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். கடையில் மோனோ என்று சொல்லப்படும் தங்கூசி, நைலானை உருக்கி நுண்துளை வழியாக இழுத்து எடுத்த ஒரே இழை. டூபாண்ட் நிறுவனம் 1938இல் நைலானை உலகுக்கு அறிவித்த பிறகுதான், அதுவரை பட்டும் பருத்தியும் இருந்த இடத்தை இது பிடித்தது. பிரெய்டு எனப்படும் பின்னல் நரம்பு, மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட ஒருவகைப் பாலிஎத்திலீன் இழைகளை நான்கு அல்லது எட்டுப் புரிகளாகச் சேர்த்துச் சடை போலப் பின்னியது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களை அட்டையில் பார்த்திருப்பீர்கள். இந்த இழைக்கு இழுவிசை மிக அதிகம். அதனால்தான் இருபது பவுண்டு தாங்கும் பின்னலின் பருமன் ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடுகிறது. அதே எடையைத் தாங்கும் தங்கூசி 0.40 மில்லிமீட்டருக்கும் மேலே போய்விடும். ஆனால் கல்லின் கூரிய விளிம்பில் ஒரு முறை உரசும்போது தங்கூசியின் மேல்தோல் சற்றுச் சீவப்பட்டாலும் உள்ளே சதை மீதம் இருக்கிறது. பின்னலிலோ ஒவ்வோர் இழையும் தலைமயிரைவிட மெல்லியது. நான்கு புரிப் பின்னலில் ஒரு புரி முழுதாக வெட்டுப்பட்டால் வலிமையில் கால்பங்கு அங்கேயே போய்விட்டது. இழுவையில் இருக்கும்போது உரசினால் மற்ற புரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக விடுகின்றன.

ஆகவே மீனைப் பார்த்து நரம்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், ஆற்றின் அடியில் என்ன கிடக்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. உங்கள் ஆற்றை எடுத்துக்கொள்வோம். ஆழியாறாக வந்து, மணக்கடவைக் கடந்து, மூலத்தறையில் தேங்கி, சித்தூருக்குக் கீழே கண்ணாடிப் புழை என்ற பெயருடன் பறளியில் கல்பாத்திப் புழையோடு சேரும் இந்த ஆற்றில், மணல் எடுபட்டுப் பாறை துருத்தி நிற்கும் இடங்களே தூண்டிற்காரர்களுக்குப் பிடித்த இடங்கள். கெளுத்தியும் வாளையும் ஆராலும் அந்த இடுக்குகளில்தான் ஒதுங்குகின்றன. ஈயக்குண்டு கட்டி அடியில் புழுவோ கோழிக்குடலோ போட்டுக் காத்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் நரம்பின் கடைசி ஓர் ஆள் நீளம் எப்போதும் கல்லின் மீதுதான் படுத்திருக்கிறது. அந்த இடத்தில் வெறும் பின்னலைப் போடுவது சாணைக்கல்லில் நூலைத் தேய்ப்பதற்குச் சமம்.

இதனால் பின்னலைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதற்கும் இந்த ஆற்றில் ஒரு வேளை வரும். 1970ஆம் ஆண்டு கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும் என்பதை உங்கள் பக்கத்து உழவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நீர் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுவதில்லை. நேற்று முழங்கால் அளவில் தெளிந்து கிடந்த இடம், திறந்துவிட்ட மறுநாள் இடுப்பளவில் கலங்கி ஓடும். ஓடுகிற நீர் நரம்பைத் தள்ளும் விசை, நரம்பின் பருமனுக்கும் நீரில் மூழ்கியிருக்கும் நீளத்துக்கும் ஏற்பக் கூடுகிறது. நீரின் வேகம் இரட்டித்தாலோ அந்த விசை நான்கு மடங்காகிறது. அப்போது 0.40 தங்கூசி வில்லாக வளைந்து, ஈயக்குண்டை இடம்பெயர்த்து, கடைசியில் கரையோரப் புதரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 0.23 பின்னலின் மீது அந்தத் தள்ளல் ஏறக்குறைய பாதிதான். ஆகவே குறைந்த ஈயத்தோடு அதே இடத்தில் நிற்கலாம்.

இன்னொரு வேறுபாடு இழுவை நீட்சி. தங்கூசியை அறும் நிலை வரை இழுத்தால் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, சில வகைகளில் அதற்கு மேலும் நீளும். பின்னல் நூற்றுக்கு ஐந்தை ஒட்டித்தான் நீளும். முப்பது மீட்டர் தொலைவில் ஒரு கெளுத்தி இரையை முகர்ந்தாலும் பின்னலில் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. அதே காரணத்தால், கரைக்கு மிக அருகில் வந்த ரோகு கடைசி முறையாகத் தலையை உதறும்போது, அந்த உதறலை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. தங்கூசியில் அப்படி உதறினால் நரம்பே ஒரு சுருள்கம்பி போல விட்டுக்கொடுக்கும்.

இரண்டையும் இணைப்பதுதான் உங்களுக்கு நான் சொல்லும் வழி. ரீலில் நீங்கள் வாங்கிய இருபது பவுண்டு பின்னலே இருக்கட்டும். அதன் முனையில் 0.40 அல்லது 0.45 மில்லிமீட்டர் தங்கூசியை ஓர் ஆள் உயரத்துக்கு, பாறை மிகுந்த இடமானால் அதற்கும் சற்றுக் கூடுதலாக, லீடராகக் கட்டுங்கள். உரசலை லீடர் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு முறை பாறையில் சிக்கி விடுபட்ட பிறகும், லீடரின் கடைசி இரண்டடியை நகத்துக்கும் விரலுக்கும் நடுவில் வைத்து உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு முள்ளைப் புதிதாகக் கட்டுங்கள். நாட்டில் உள்ள எல்லா முடிச்சுகளையும் கற்பதைவிட இந்த ஒரு பழக்கம் அதிக மீனைக் கரை சேர்க்கும்.

ஒரே ரீல், ஒரே நரம்பு, அதுவும் அடித்தூண்டில் மட்டும்தான் என்றால் பழைய தங்கூசிக்கே திரும்புவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விலையும் பல மடங்கு குறைவு. அதோடு, நம் பக்கத்துக் காற்றையும் மறந்துவிடக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் புகுந்து வீசும் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பின்னல் நரம்பு பறக்கும். அதன் அடர்த்தி 0.97, நீரைவிட இலேசானது, மிதப்பது. தங்கூசியின் அடர்த்தி 1.14 என்பதால் மெல்ல அமிழ்ந்து காற்றின் பிடியிலிருந்து தப்பிவிடுகிறது. காற்று நாளில் பின்னலை வீசினால், வீசி முடித்தவுடன் ரீலில் நரம்பைப் பிடிக்கும் கம்பி வளையத்தைக் கையால் மூடி, நரம்பை விரலால் ஒருமுறை இறுக்கிவிட்ட பிறகே சுற்றத் தொடங்குங்கள். தளர்ந்த சுற்று ஒன்று உள்ளே போனால் அடுத்த வீச்சில் கிளிக்கூடு போலச் சிக்கி வெளியே வரும். அந்தச் சிக்கலைப் பிரிக்க உட்கார்ந்து ஒரு மாலைப் பொழுதையே இழந்திருக்கிறேன். சித்தூரில் அந்த ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். அன்றைக்கு அந்தப் பெயர் எனக்குப் பலிக்கவில்லை.

கேள்வி: பின்னல் நரம்பில் நான் வழக்கமாகப் போடும் முடிச்சு உருவிக்கொண்டு போகிறது. ஒருமுறை பெரிய மீன் இழுத்தபோது ரீலின் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் தடை) இறுக்கமாகவே இருந்தும் நரம்பு மொத்தமாக வழுக்கிச் சுற்றியது. ரீல் கெட்டுவிட்டதா? (வண்ணாமடை வாசகர்)

பதில்: ரீல் நன்றாகத்தான் இருக்கும். நரம்புச் சுருள் முழுவதும் ஸ்பூலின் (நரம்பு சுற்றும் உருளையின்) மீது மோதிரம் போலச் சுழன்றிருக்கிறது. பாலிஎத்திலீன் மெழுகு போல வழுவழுப்பானது. பளபளப்பான உலோக ஸ்பூலில் அதை நேரடியாகச் சுற்றினால் பிடிப்பே இருக்காது. எல்லா நரம்பையும் கழற்றிவிட்டு, முதலில் பத்துப் பதினைந்து சுற்றுத் தங்கூசியைச் சுற்றி, அதன் முனையில் பின்னலைக் கட்டிச் சுற்றுங்கள். சுற்றும்போது ஈரத் துணியால் நரம்பைப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாக இருந்தால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் கத்தி போல இறங்கிவிடும்.

முடிச்சு உருவுவதற்கும் அதே வழுவழுப்புதான் காரணம். தங்கூசிக்கு நாம் போடும், நரம்பைத் தன் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி நுனியை நுழைக்கும் முடிச்சு பின்னலில் நிற்காது. பாலோமர் என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் வாயில் நுழையவில்லை, போடுவது எளிது. நரம்பை இரட்டையாக மடித்து, மடித்த முனையை முள்ளின் கண்ணில் நுழைத்து, அந்த இரட்டை நரம்பாலேயே தளர்வாக ஒரு சாதாரண முடிச்சைப் போட்டு, மிச்சமுள்ள கண்ணிக்குள் முள்ளை முழுவதுமாக நுழைத்து வெளியே எடுத்து, நீரில் நனைத்து மெல்ல இறுக்க வேண்டும். நனைக்காமல் வெடுக்கென்று இழுத்தால் உரசற்சூடு இழையைக் கெடுக்கும்; இந்தப் பாலிஎத்திலீன் 145 டிகிரி செல்சியசை ஒட்டியே உருகிவிடுகிறது, நைலானோ 200ஐத் தாண்டியும் தாங்குகிறது.

பின்னலையும் லீடரையும் இணைக்க இரட்டை யூனி போதும். இரண்டு நரம்புகளையும் எதிரெதிராகச் சேர்த்துப் படுக்கவைத்து, தங்கூசியைப் பின்னலின் மீது நான்கைந்து சுற்றும், பின்னலைத் தங்கூசியின் மீது ஏழெட்டுச் சுற்றும் சுற்றி, இரு முடிச்சும் ஒன்றையொன்று தொடும்வரை இழுத்து முடிக்கலாம். எஃப்ஜி என்ற முடிச்சு இதைவிட ஒல்லியாக அமைந்து ராடின் வளையங்களில் தட்டாமல் போகும். ஆனால் ஆற்றங்கரையில் காற்றில் நின்றுகொண்டு அதைக் கட்டச் சொல்லி உங்களை நான் சோதிக்க மாட்டேன்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் மூங்கில் கழியிலும் வெறும் கையிலும் தூண்டில் போடுகிறான். வலுவாக இருக்கும் என்று பின்னல் நரம்பு வாங்கித் தரலாமா? (வேலந்தாவளம் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. வெறும் கையில் பிடிக்கும் தூண்டிலுக்குப் பின்னல் கூடவே கூடாது. இழுவையில் இருக்கும் மெல்லிய பின்னல் விரலைக் கத்தி போல அறுத்துவிடும்; சிக்கிய நரம்பைக் கையில் சுற்றி இழுக்கும் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கைத்தூண்டிலுக்கு 0.50 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தங்கூசி, மூங்கில் கழிக்கு 0.30 தங்கூசி. கழியில் டிராக் இல்லாததால் நரம்பின் நீட்சிதான் அங்கே டிராக். ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் இதுவே தாராளம்.

கேள்வி: அட்டையில் மில்லிமீட்டர், பவுண்டு, பி.ஈ. எண் என்று பல கணக்குகள் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? வீட்டில் சோதிக்க வழி உண்டா? (மீனாட்சிபுரம் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஆசிரியர் என்பதால் உங்களுக்கு வேலை சுலபம். ஒரு பவுண்டு என்பது 0.45 கிலோகிராம்; ஆகவே இருபது பவுண்டு ஒன்பது கிலோகிராமை ஒட்டி வரும். பி.ஈ. என்பது ஜப்பானியர் பின்னல் நரம்புக்கு வைத்திருக்கும் பருமன் எண். பி.ஈ. 1 என்றால் ஏறத்தாழ 0.165 மில்லிமீட்டர், பி.ஈ. 2 என்றால் 0.235. எண் இரட்டித்தால் பருமன் இரட்டிப்பதில்லை, குறுக்குவெட்டுப் பரப்புதான் இரட்டிக்கிறது என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தங்கூசியின் பருமனைப் பள்ளி ஆய்வகத்துத் திருகு அளவியால் 0.01 மில்லிமீட்டர் துல்லியத்துக்கு அளந்துவிடலாம். பின்னலை அப்படி அளக்க முடியாது. அது உருண்டையாக நிற்காமல் தட்டையாகி விடுவதால், எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவுக்குக் குறைத்துக் காட்டும். பின்னல் அட்டையில் உள்ள மில்லிமீட்டரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வலிமையைச் சோதிக்க ஒரு வாளி போதும். வழுவழுப்பான மரக்கம்பில் நரம்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி மேல்முனையைப் பிணைத்துவிட்டு, கீழ்முனையில் ஒரு வளையத்தை நீங்கள் ஆற்றில் பயன்படுத்தும் அதே முடிச்சால் கட்டி, அதில் வாளியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். லிட்டர் படியால் நீரை மெல்ல ஊற்றிக்கொண்டே போனால், அறும்போது எத்தனை லிட்டரோ அத்தனை கிலோகிராம், வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிச்சில் அறுந்தால் முடிச்சின் வலிமை தெரிந்தது. நடுவில் அறுந்தால் நரம்பின் வலிமை தெரிந்தது. ஆற்றில் உங்களுக்குப் பயன்படுவது முதற்கணக்குதான். தங்கூசியை இரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்த பிறகு இதையே ஒருமுறை செய்து பாருங்கள். நைலான் நீரை உறிஞ்சும் தன்மையுடையது. ஊறிய பின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வலிமை குறைவதைக் காண்பீர்கள். பின்னல் நீரை உறிஞ்சாது, காய்ந்தாலும் நனைந்தாலும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கு கிடைத்த பிறகு, ரீலின் டிராக்கை அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறுக்க வேண்டாம். நாற்பது பவுண்டு பின்னலைச் சுற்றிக்கொண்டு டிராக்கை முழுவதும் பூட்டிவிட்டால், அறுபட வேண்டிய நரம்பு அறுபடாமல் ராடு முறிகிறது.

கேள்வி: தேங்காப்பட்டணத்துக்குச் சற்று மேலே, உப்பு ஏறும் பகுதியில் கொடுவாவுக்கு லூர் (செயற்கை இரை) வீசுகிறேன். சித்தூர்க்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு எங்களுக்கும் ஒத்துவருமா? (குழித்துறை வாசகர்)

பதில்: ரீலில் பின்னல் என்பது ஒத்துவரும், லீடர் மட்டும் மாறும். லூரை நாள் முழுவதும் வீசி இழுப்பவருக்குப் பின்னல்தான் வேண்டும், ஏனென்றால் மெல்லியதாக இருப்பதால் தூரம் போகிறது, நீளாததால் மணிக்கட்டின் அசைவு அப்படியே லூருக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் கழிமுகத்துக் கற்களிலும் தூண்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பியின் விளிம்பு ஆற்றுப் பாறையைவிடக் கொடியது. அதற்கும் மேல், கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் கத்தி போல இருக்கும் என்பது அதை வெறுங்கையால் தூக்கிய எவருக்கும் தெரியும். துள்ளித் தலையைச் சுழற்றும்போது அந்த ஓரம் நரம்பின் மீது விழுகிறது. ஆகவே 0.60 முதல் 0.70 மில்லிமீட்டர் லீடர் வேண்டும்.

அதைத் தங்கூசியில் வைப்பதா, ஃபுளூரோகார்பனிலா என்று கேட்பீர்கள். ஃபுளூரோகார்பன் நைலானுக்குப் பதில் வேறொரு பிளாஸ்டிக்கில் செய்த ஒற்றை இழை நரம்பு; சற்றுக் கடினமானது, அடர்த்தி 1.78 என்பதால் விரைவில் அமிழ்வது, ஒளிவிலகல் எண் 1.42 என்பதால் நீரின் 1.33க்கு நைலானைவிட அருகில் இருப்பது. தெளிந்த நீரில் இந்த மூன்றுக்கும் பொருள் உண்டு. மழைக்காலத்துக் கலங்கல் நீரில் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் வீண் என்றே சொல்வேன். ஆனால் பரப்பில் மிதந்து வரும் லூருக்கு, கனமான ஃபுளூரோகார்பன் மூக்கைக் கீழே அழுத்திவிடும் என்பதால், அங்கே தங்கூசியே நல்லது.

வீட்டுக்குப் போனதும் ஸ்பூலை நல்ல நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பின்னலின் இடுக்குகளில் தங்கும் உப்பு காய்ந்தால் நரம்பு விறைப்பாகி, ராடின் வளையத்தையும் தேய்க்கத் தொடங்கும்.

கேள்வி: மஞ்சள், பச்சை, பல நிறம் என்று பின்னல் விற்கிறார்களே, மீன் எதைக் கண்டு அஞ்சும்? (கோவிந்தாபுரம் வாசகர்)

பதில்: லீடர் கட்டியிருந்தால் நிறம் உங்கள் கண்ணுக்கு மட்டுமே. அந்தி நேரத்தில் மஞ்சள் நன்றாகத் தெரியும். பாசி படர்ந்த குளத்தில் விராலுக்குத் தவளை லூர் வீசும்போது மட்டும் பலர் லீடர் இல்லாமலே பின்னலை நேராகக் கட்டுகிறார்கள். அங்கே கரும்பச்சையை வாங்குங்கள். தாமரைத் தண்டையும் பாசியையும் அறுத்துக்கொண்டு வருவதில் பின்னலுக்கு இணை இல்லை, அந்தக் குளங்களில் தங்கூசியை நான் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

கேள்வி: நரம்பை எப்போது மாற்றுவது? கழற்றிய பழைய நரம்பை என்ன செய்வது? (சித்தூர் வாசகர்)

பதில்: தங்கூசி வெயிலில் நலியும். மோட்டார் சைக்கிளின் பின்னால் ராடைக் கட்டிக்கொண்டு வெயிலில் அலைபவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர் ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றலாம். நிறம் மங்கி, சுருள் சுருளாக நின்று, இரண்டு கையாலும் இழுத்தால் பட்டென்று போகிறது என்றால் அன்றைக்கே மாற்றலாம். பின்னலில் வீச்சுக்குப் பயன்படும் முதல் ஐம்பது அறுபது மீட்டர்தான் பஞ்சு பஞ்சாகப் பிரிகிறது. அப்போது முழுவதையும் கழற்றித் தலைகீழாகச் சுற்றினால், இதுவரை அடியில் உறங்கிய புதுப் பகுதி மேலே வந்து இன்னொரு பங்கு காலம் உழைக்கும்.

கழற்றிய எதையும் ஆற்றிலோ கரையிலோ விடக் கூடாது. நைலானும் பாலிஎத்திலீனும் மட்காதவை. நீர்க்காகத்தின் காலிலும் மேய வந்த ஆட்டின் குளம்பிலும் சுற்றிக்கொள்ளும். ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலை மீன் பையிலேயே வைத்திருந்து, வெட்டிய துண்டுகளை உடனுக்குடன் அதில் திணித்துவிடுங்கள். நிரம்பியதும் கத்தரிக்கோலால் சாண் நீளத்துக்கும் குறைவாக நறுக்கி மூடி வைத்துக் குப்பையில் சேர்க்கலாம். எரிக்க வேண்டாம். பழைய தங்கூசியில் நல்ல நிலையில் உள்ள அடிப்பகுதியைக் கொடிப்பந்தல் கட்ட எங்கள் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். புடலையும் பாகலும் அதில் நன்றாகவே ஏறுகின்றன.